மீண்டும் கல்லாகும் கல்

வீட்டு முற்றத்தின் பழைய தளக்கற்களைப் பெயர்த்தால் உடைகற்களும் காரைத்துண்டுகளும் குவிகின்றன. அவற்றை இரவோடு இரவாக வடிகாலில் கொட்டுவோர் உளர். வடிகால் அடைபட்டால் மழைநீர் தெருவில் தேங்கி வீடுகளுக்குள் புகும். ஆகவே, இடிபாடுகளைச் சாலையிலும் வடிகாலிலும் கொட்டலாகாது என நடுவண் அரசு 2016ஆம் ஆண்டில் விதி வகுத்தது.

அவ்வாறாயின் அவற்றை என்ன செய்வது? உடையாத கற்களைத் தோட்டப் பாதையில் மீண்டும் பதிக்கலாம். உடைந்தவற்றை மறுசுழற்சி ஆலைக்கு அனுப்பலாம். தில்லியின் புராரியில் இத்தகைய ஆலை 2009ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அங்கு இரும்பு, மரம், நெகிழி ஆகியன முதலில் நீக்கப்படுகின்றன. எஞ்சியவை நொறுக்கிச் சலிக்கப்பட்டு, சல்லியாகவும் மணலாகவும் பிரிகின்றன. அவற்றுடன் சிமெண்டு சேர்த்து நடைபாதைக் கற்கள் வார்க்கப்படுகின்றன. பழைய கல் புதிய கல்லாகிறது!

ஆனால், சமையலறைக் குப்பை கலந்த குவியலைப் பிரிப்பது அரிது. எனவே, இடிபாட்டைத் தனியே சேர்த்து வைப்பது வீட்டாரின் கடமை. பிரித்தால் பொருள், கலந்தால் குப்பை.

சொற்பொருள்
காரை – சுவர், தளத்தின் பூச்சு
சல்லி – சிறு உடைகல்

வினாக்கள்
1. வடிகால் அடைபட்டால் நிகழ்வது யாது?
2. உடைகல் நடைபாதைக் கல்லாகும் முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
3. உம் தெருவில் இடிபாடுகள் எங்குக் கொட்டப்படுகின்றன? கண்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.