மங்கிய முகப்பு விளக்கு: தேய்ப்பதா, மாற்றுவதா?

இன்றைய கார்களின் முகப்பு விளக்கை மூடியிருக்கும் லென்ஸ் கண்ணாடியல்ல. பாலிகார்பனேட் என்னும் உறுதியான பிளாஸ்டிக். கல் தெறித்தாலும் எளிதில் உடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் அதை மஞ்சளாக்கிவிடும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் மெல்லிய காப்புப் பூச்சு ஏற்றப்படுகிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்ககங்களின் திறந்த நிறுத்துமிடங்களிலும், கிள்ளான் தாமான்களில் போர்ச்சுக்கு வெளியே சாலையோரத்திலும் நிற்கும் கார்களில் அந்தப் பூச்சு முதலில் லென்ஸின் மேற்பகுதியில் கெடும். பிறகு அடியிலிருக்கும் பிளாஸ்டிக் பழுக்கும்.

இது வெறும் அழகுக் குறை அல்ல. மங்கிய லென்ஸ் ஒளியைச் சிதறடிக்கிறது. சாலையில் விழவேண்டிய வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. அமெரிக்க வாகனவோட்டிகள் சங்கமான ஏஏஏ 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, மிகவும் மங்கிய விளக்குகள் புதியவற்றின் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே தந்தன. மழை இரவில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே ஓட்டுபவருக்கு அந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது.

முதலில் பார்க்கவேண்டியது

எந்த வழியைத் தேர்வதற்கு முன்னும் லென்ஸைக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே பார்க்கவேண்டும். நனைந்ததும் தெளிந்து, காய்ந்ததும் மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில் இருக்கிறது; தேய்த்துச் சரிசெய்யலாம். நனைந்தும் மங்கலாகவே இருந்தால் கோளாறு உள்ளே இருக்கலாம்: நீர்த்திவலை, தூசு, அல்லது மினுக்கம் இழந்த பிரதிபலிப்பான். பிளாஸ்டிக்குக்குள் நுண்விரிசல்கள் ஆழமாக ஓடியிருந்தாலும் தேய்ப்பதால் பெரிய பயனில்லை.

பற்பசையும் தெளிப்பான்களும்

பற்பசையில் மென்மையான உராய்பொருள் இருப்பதால் மேலோட்டமான மஞ்சள் சற்றே போகும். ஆனால் அது காப்பு எதையும் விட்டுச்செல்வதில்லை. சில வாரங்களில் மங்கல் திரும்பும். பூச்சிமருந்துத் தெளிப்பானைத் தெளித்துத் துடைப்பது அதைவிட மோசம். அதிலுள்ள கரைப்பான்கள் பிளாஸ்டிக்கில் நுண்விரிசலை உண்டாக்கக்கூடும்.

உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுதல்

வெளிப்பரப்பு மட்டும் கெட்டிருந்தால் செலவுக்கேற்ற பலன் தருவது இதுவே. விளக்கைச் சுற்றியுள்ள பெயிண்ட்டை ஒட்டுத்தாளால் மறைத்து, சோப்பு கலந்த நீரில் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கவேண்டும். மங்கல் கடுமையானால் 600 அல்லது 800 எண் தாளில் தொடங்கி 1000, 1500, 2000, 3000 என ஏறவேண்டும்; லேசானதானால் 1000இல் தொடங்கினால் போதும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கீறல் மறைந்ததா என்பது கண்ணுக்குத் தெரியும். முதல் தாளில் வழியும் நீர் மஞ்சளாக இருக்கும். அது கெட்டுப்போன பழைய பூச்சு. நீர் வெண்மையாக வழியும்வரை அடுத்த தாளுக்குப் போகக்கூடாது; இடையில் விட்டால் மெருகேற்றிய பிறகும் திட்டுத் திட்டாகத் தெரியும். கடைசியில் பாலிஷ் பசையைக் கடற்பஞ்சு வட்டில் இட்டு, மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தாமல் குறைந்த வேகத்தில் ஓட்டவேண்டும். சூடேறினால் பிளாஸ்டிக் கெடும்.

தேய்த்தபின் எஞ்சியிருந்த காப்பும் போய்விடுவதால், வேலையின் ஆயுளை முடிவுசெய்வது அடுத்துப் பூசுவதுதான்:

• மெழுகு: மலிவு, மாதங்கூடத் தாங்காமல் கரையலாம்.
• துடைத்துப் பூசும் புற ஊதாக் காப்பு: கிட்டுகளில் கிடைப்பது; வீட்டில் செய்பவருக்கு எளிது.
• டூகே கிளியர் (இரு பாகங்களைக் கலந்து தெளிக்கும் நிறமற்ற பூச்சு): கடினமானது, நீண்டநாள் நிற்பது. ஆனால் இதில் ஐசோசயனேட் இருப்பதால் தகுந்த முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயம்.
• நிறமற்ற பிபிஎஃப் (பெயிண்ட் காப்புப்) படலம்: கல்லையும் வெயிலையும் தாங்கும்; ஒட்டுவதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் மழை வழக்கமானது என்பதால் காலையிலேயே, நிழலில், போர்ச்சுக்குள் இவ்வேலையைத் தொடங்குவது நல்லது. பூச்சு இறுகும்வரை கார் நனையக்கூடாது. போர்ச் இல்லாதவருக்குக் கார் கிரூமிங் கடையே வசதி. பேரம் பேசுமுன் தேய்த்தபின் என்ன பூசுவார்கள் என்று கேட்கவேண்டும்.

ஆவி முறை

சில கடைகளில் ஒரு குவளையில் திரவத்தைச் சூடாக்கி, அதன் ஆவியை லென்ஸில் பாய்ச்சுவார்கள். மேற்பரப்பு நொடியில் உருகிப் பளபளக்கும். அந்தத் திரவம் பெரும்பாலும் குளோரோஃபார்ம் வகையைச் சேர்ந்த நச்சுக் கரைப்பான். பளபளப்பு வந்தாலும் அது புற ஊதாக் காப்பு ஆகாது. வீட்டில் செய்யத் தகாத முறை இது.

விளக்கையே மாற்றுதல்

மேற்சொன்ன ஏஏஏ ஆய்வில் அசல் உதிரிபாகம் ஒளியை முழுமையாக மீட்டது. மாற்றுத் தயாரிப்புகள் 83 முதல் 90 விழுக்காடும், தேய்த்து மெருகேற்றியவை ஏறத்தாழ 70 விழுக்காடும் மீட்டன. உள்ளே நீர் புகுந்த, விரிசல் விட்ட, ஏற்கெனவே பலமுறை தேய்த்த விளக்குகளுக்கு மாற்றுவதே வழி. பழைய ஹாலோஜன் விளக்கு கொண்ட கார்களுக்கு இது கட்டுப்படியாகும். 2017 முதல் வந்த மூன்றாம் தலைமுறை மைவி போன்ற எல்இடி கார்களில் முழுத் தொகுதியையும் வாங்க நேர்வதால் செலவு ஏறும். அவற்றில் பூச்சைக் காப்பதே சிக்கனம். ஜப்பானிய கார்களுக்குக் கிள்ளான், காப்பார் பக்கத்து ஹாஃப்-கட் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த கார்) கடைகளிலும் பழைய விளக்கு கிடைக்கும். ஜப்பானும் இடப்பக்கப் போக்குவரத்து நாடு என்பதால் ஒளி சரியான பக்கம் விழும். வாங்குமுன் உட்புறத்தையும் பொருத்தும் காதுகளையும் பார்க்கவேண்டும். மாற்றிய பிறகு ஒளிக்கற்றையின் உயரத்தைப் பட்டறையில் சரிபார்க்கவேண்டும். பெயர் மாற்றத்துக்கோ இ-ஹெய்லிங் உரிமத்துக்கோ புஸ்பாகோம் வாகனச் சோதனைக்குப் போகும்போது அதுவும் பார்க்கப்படலாம்.

எதை யார் தேர்வது

வெளிமங்கல், போர்ச் வசதி, அரைநாள் நேரம் ஆகிய மூன்றும் இருப்பவர் உப்புத்தாளும் துடைத்துப் பூசும் காப்பும் வாங்கலாம். எப்போதும் வெயிலில் நிற்கும் காருக்குக் கடையில் டூகே கிளியர் அல்லது படலம் பொருந்தும். இரவில் நெடுஞ்சாலையில் பிழைப்பு நடத்தும் ஓட்டுநருக்கு, லென்ஸ் ஆழமாகப் பழுத்திருந்தால், அசல் உதிரிபாகமே தகுந்தது. விற்பதற்காக மட்டும் மெழுகு தடவிப் பளபளக்கச் செய்வது அடுத்த உரிமையாளரை இருட்டில் விடுவதாகும்.