வலைத்தொடர் நகைச்சுவை: சொல்லப்படுவதும் நடந்ததும்

இணையத்துக்கென்றே எடுக்கப்பட்ட நகைச்சுவைத் தொடர்களின் கதையைப் பலரும் நெட்ஃபிளிக்ஸிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெரிய நிறுவனங்கள் பணத்தோடு வந்த பிறகே இந்த வடிவம் பிறந்தது என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது. அமெரிக்காவில் நடந்தது வேறு. கைக்காசைப் போட்டுத் தொடங்கியவர்களின் பங்கு அந்த வரலாற்றில் மறைந்துபோகக் கூடாது.

“எல்லாம் யூடியூபுக்குப் பிறகுதான்”

யூடியூப் வந்தது 2005இல். அட்லாண்டாவின் சாப்மன் சகோதரர்கள் ‘ஹோம்ஸ்டார் ரன்னர்’ என்ற கார்ட்டூன் தளத்தை 2000இலேயே தொடங்கி, விளம்பரம் வாங்காமல், டி-ஷர்ட் விற்ற காசில் நடத்தினார்கள். டெக்சஸில் சில நண்பர்கள் ‘ஹேலோ’ வீடியோ கேமின் சிப்பாய்களுக்குக் குரல் கொடுத்து ‘ரெட் வெர்சஸ் ப்ளூ’வை 2003 ஏப்ரல் 1 அன்று வெளியிட்டார்கள். போர்க்களத்தில் சண்டையை மறந்து வெட்டிப்பேச்சு பேசும் சிப்பாய்களின் கதை அது.

“இணையத்தில் பார்ப்பவர்களுக்குப் பொறுமை இல்லை; அதனால்தான் அத்தியாயங்கள் குட்டி”

இதை ஊடகத் துறையில் இருப்பவர்களே சொல்லும்போது வருத்தமாக இருக்கிறது. முழுநீளப் படங்களையும் டி.வி. நிகழ்ச்சிகளையும் அப்படியே ஏற்றிவிடுகிறார்கள் என்பதால், 2006 மார்ச்சில் யூடியூப் சாதாரணக் கணக்குகளுக்குப் பத்து நிமிட வரம்பு விதித்தது. 2010இல்தான் அது பதினைந்து நிமிடமானது. கையில் இருந்த பணமும் அவ்வளவுதான். டி.வி. தொடர் இயக்குநர் ஜாஸ் வீடன் இணையத்துக்காக 2008 ஜூலையில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட ‘டாக்டர் ஹாரிபிள்ஸ் சிங்-அலாங் பிளாக்’ மொத்தம் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடியது. முதல் நாளே கூட்டம் தாங்காமல் சர்வர் முடங்கியது. பொறுமை இல்லாதவர்கள் செய்யும் காரியமா அது?

“வேலையில்லாத பிள்ளைகள் விளையாட்டாக எடுத்தவை”

என்னை மிகவும் உறுத்தும் நம்பிக்கை இதுதான். ஃபெலிசியா டே தொழில்முறை நடிகை. ‘பஃபி’ என்ற டி.வி. தொடரில் நடித்தவர். ஆன்லைன் கேமுக்கு அடிமையாகிக் கிடந்த தன் அனுபவத்தை வைத்து அரைமணி நேர டி.வி. கதை ஒன்றை எழுதினார். கேம் ஆடுகிறவர்களைப் பற்றிய கதையை யார் பார்ப்பார்கள் என்ற தயக்கத்தில் அது நின்றது. தயாரிப்பாளர் கிம் ஈவி, இணையத்துக்கே எடுத்துவிடலாம் என்றார். ‘தி கில்ட்’ 2007 ஜூலையில் வந்தது. முதல் சில அத்தியாயங்களோடு கைக்காசு தீர்ந்துவிட, பார்த்தவர்கள் பேபால் வழியாக அனுப்பிய தொகையில்தான் முதல் சீசன் முடிந்தது. இரண்டாம் சீசனுக்கு மைக்ரோசாஃப்ட் வந்தபோது, தொடரின் உரிமையை டே விட்டுக்கொடுக்கவில்லை. பணமே இல்லாத காலத்திலும் தன் படைப்பு தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று நின்ற அந்த உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். தொடர் ஆறு சீசன் ஓடியது.

2011இல் இசா ரே ‘தி மிஸ்அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ஆக்வர்ட் பிளாக் கேர்ள்’ தொடங்கினார். கூச்ச சுபாவமும் தடுமாற்றமும் கொண்ட கறுப்பினப் பெண் நாயகியாக வரும் நகைச்சுவை அன்றைய அமெரிக்க டி.வி.யில் கிடைப்பது அரிது. பாதியில் பணம் போதாமல், பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 30,000 டாலர் கேட்டார். 56,000 டாலருக்கு மேல் வந்தது. ரசிகர்கள் கொடுத்த அந்தத் தொகைக்கு, விளம்பரக் கணக்கு எதுவும் காட்டாத ஒரு பொருள் உண்டு: எங்களைப் போன்றவர்களின் கதை எங்களுக்கு வேண்டும் என்பதே அது.

“இணையத்தில் ஜெயித்தால் டி.வி.யிலும் ஜெயிக்கும்”

‘இன் தி மதர்ஹுட்’ என்ற வலைத்தொடர், தாய்மார்கள் எழுதி அனுப்பிய சொந்த அனுபவங்களை வைத்து எடுக்கப்பட்டது. 2009இல் ஏபிசி அதை டி.வி. தொடராக்கியது, சில வாரங்களிலேயே நிறுத்தியது. ‘பிராட் சிட்டி’ வலைத்தொடரை எடுத்த அபி ஜேக்கப்சன், இலானா கிளேசர் இருவரிடமும் முதலில் கதை வாங்கிய எஃப்எக்ஸ் சேனல் பின்வாங்கிவிட்டது. காமெடி சென்ட்ரலில் 2014இல் வந்த பிறகு ஐந்து சீசன் ஓடியது. இசா ரே எச்பிஓவுக்கு ‘இன்செக்யூர்’ எடுத்தபோது பழைய தொடரை அப்படியே தூக்கிச் செல்லவில்லை. புதிய பாத்திரங்களோடு புதிதாக எழுதினார். இணையத்தில் கிடைத்த குரல் டி.வி.க்குப் போகும், கதை போக வேண்டியதில்லை என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். டி.வி.க்குப் போவதுதான் வெற்றி என்று அளப்பதையும் நான் ஏற்கவில்லை. ‘தி கில்ட்’ போகவே இல்லை. அதனால் அது எதில் குறைந்துவிட்டது?

“இணையத்தில் போட்டது எங்கே போகும், அங்கேயே இருக்கும்”

2020 இறுதியில் அடோபி நிறுவனம் தன் ஃபிளாஷ் மென்பொருளைக் கைவிட்டபோது, ஃபிளாஷில் செய்த ஹோம்ஸ்டார் கார்ட்டூன்களை அதே வடிவில் இயக்க ‘ரஃபிள்’ என்ற மாற்று மென்பொருள் தேவைப்பட்டது. ‘ரெட் வெர்சஸ் ப்ளூ’வைத் தயாரித்த ரூஸ்டர் டீத் நிறுவனத்தை 2024இல் அதன் உரிமையாளரான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி மூடியது; தளமும் போயிற்று. மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததுமே ரசிகர்கள் வீடியோக்களை இறக்கி, இன்டர்நெட் ஆர்க்கைவில் சேர்க்கத் தொடங்கினார்கள். மறு ஆண்டு, நிறுவனர்களில் ஒருவரான பர்னி பர்ன்ஸ் அந்தப் பெயரையே விலை கொடுத்து மீட்டார்.