கரிசக்காட்டில் குரோம்: எதைப் போட்டுத் துடைப்பது?

விளாத்திகுளம் பக்கம் வண்டி வைத்திருப்பவருக்கு இரண்டு எதிரிகள். ஐப்பசி, கார்த்திகையில் மட்கார்டுக்குள் அப்பிக்கொள்ளும் கரிசல் மண் ஒன்று. வேம்பார், வைப்பாறு உப்பளப் பக்கமிருந்து வரும் கடல் காற்று இன்னொன்று. புல்லட்டோ, பழைய ஜாவாவோ, சைக்கிள் ரிம்மோ, குரோம் மங்குவதும் புள்ளி விழுவதும் பெரும்பாலும் இவற்றால்தான்.

துருப்பிடிப்பது குரோம் அல்ல, அடியில் இருக்கும் இரும்பு. இரும்பின் மேல் நிக்கல் பூசி, அதற்கும் மேலேதான் குரோம் ஏற்றுகிறார்கள். நிக்கல் பத்து, இருபது மைக்ரான் இருக்கும். அலங்காரத்துக்குப் பூசும் குரோம் அரை மைக்ரான் இருந்தாலே அதிகம். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். அந்த மெல்லிய பூச்சின் நுண்ணிய வெடிப்புகளில் நீரும் உப்பும் இறங்கி, கீழே இரும்பை அரித்து, துருவாக மேலே கசிகிறது. தேய்ப்பதில் வீரம் காட்டினால் துருவோடு குரோமும் போகும்.

முதலில் அது இரும்பின் மேல் பூசிய குரோம்தானா என்று ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். புது வண்டிகளின் கண்ணாடிச் சட்டம், எழுத்துகள் பலவும் முலாம் பூசிய பிளாஸ்டிக், காந்தம் ஒட்டாது. அதற்குச் சோப்புத் தண்ணீரும் பனியன் துணியும் போதும். ஸ்போக் கம்பியில் காந்தம் ஒட்டும், ஆனால் பல வண்டிகளில் அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. பளபளக்கட்டும் என்று தேய்த்தால் பூச்சு கழன்று கம்பி துருவேறும்.

இனித் துரு. மேலாக்கப் படிந்த பழுப்பு என்றால் என் முதல் தேர்வு அலுமினியத் தாள். பிரியாணிப் பொட்டலத்தில் வருகிறதே, அதுதான். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத துண்டாகப் பாருங்கள். கசக்கித் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு எழும், துரு அதோடு வந்துவிடும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாருக்கு இந்த நல்ல குணம் இல்லை. மிக நுண்ணிய ‘நாலு பூஜ்ஜிய’ ஸ்டீல் நார் என்றால், எண்ணெய் தொட்டு மெதுவாகப் பயன்படுத்தலாம். உப்புத்தாள் கூடவே கூடாது.

சாம்பல் போடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. சீமைக்கருவேலக் கரிமூட்டம் போடும் சீமையில் சாம்பலுக்குப் பஞ்சமா? ஆனால் மூட்டத்தின் மேல் மூடிய மண்ணும் அதில் கலந்திருக்கும். பித்தளைக் குத்துவிளக்குக்கு ஒத்துவருவது இந்த அரை மைக்ரானுக்கு ஆகாது. பாத்திரம் துலக்கும் பவுடருக்கும் இதே தீர்ப்புதான்.

புளி, எலுமிச்சை, கோலா போன்ற புளிப்புகள் லேசான துருவைக் கரைக்கும். சில நிமிடம் ஊறவிட்டு உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் தப்பில்லை. மறந்துபோய் ராத்திரி முழுக்க விட்டால் கெடுதல். கழிப்பறை ஆசிட்டை மட்டும் கிட்டவே கொண்டுவராதீர்கள். அதில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமையே கரைக்கும். முலாம் பட்டறையில் பழைய குரோமைக் கழற்றப் போடுவதே அந்த அமிலத்தைத்தான்.

துரு இல்லை, வெறும் மங்கல் என்றால் குரோம் பாலிஷ் பேஸ்ட். அதிலும் நுண்ணிய உராய்பொருள் உண்டு. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது காப்பு. சீமெண்ணெய், தேங்காய் எண்ணெய், கிரீஸ் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஈரத்தை அவை தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆடிக் காற்றில் பறக்கும் புழுதி எண்ணெயில் ஒட்டும். அதன் மேல் துணியைப் போட்டு இழுத்தால் உப்புத்தாள் வைத்த கணக்குத்தான். காய்ந்து கெட்டியாகும் வாகன மெழுகு இந்த ஊருக்குப் பொருத்தம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை போட்டுவிடுங்கள். எண்ணெய் தடவத்தான் வேண்டுமென்றால் மட்கார்டின் உள்பக்கத்தில் தடவுங்கள். அங்கே முலாம் அவ்வளவாக ஏறியிருக்காது, ஈரக் கரிசலும் நாள்கணக்கில் உலராமல் உட்கார்ந்திருக்கும். வெளியே தெரியும் பல புள்ளிகள் அங்கிருந்து அரித்து வந்தவை. கழுவும்போது பாதித் தண்ணீரை உள்பக்கம் அடியுங்கள்.

நகத்தால் தடவும்போது பள்ளம் தட்டினால் எந்த பாலிஷும் உதவாது. ரிம், ஹேண்டில்பார் போன்றவை கடையில் புதிதாகக் கிடைத்தால் மாற்றிவிடுவதே லாபம். பழைய ஜாவாவின் டேங்க் போல மாற்றுக் கிடைக்காத சாமானுக்கு மட்டும் மறுமுலாம் போடலாம். பட்டறையில் விலை பேசும் முன், நிக்கல் எவ்வளவு கனமாக ஏற்றுவார்கள் என்று கேளுங்கள். இரும்பைக் காப்பது நிக்கல்தான். அதைக் குறைத்து மேலே குரோமை மட்டும் காட்டிவிட்டால், அடுத்த கார்த்திகைக்குள் மறுபடி புள்ளி விழும்.