வாகனக் குளிரூட்டியும் பராமரிப்பும்



வீடுபோல் அமைந்த சுற்றுலா வாகனங்கள் சிலவற்றில் குளிரூட்டி தளத்தின் கீழே பூட்டப்பட்டிருக்கும். பாரம் கீழே இருப்பதால் வாகனத்தின் உறுதிநிலை கூடும். ஆனால் வீதித் தூசி எளிதில் படியும். சாம்பல்தீவு போன்ற கடலோரத்தில் தரித்து நின்றால் உப்புக்காற்றும் உலோகத்தை அரிக்கும்.

தொழிற்பாடு: குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை, வெப்பத்தை இடம்மாற்றுகிறது. ஆவியாக்கியில் திரவம் ஆவியாகி உள்வளியின் வெப்பத்தை உறிஞ்சும். அமுக்கி அந்த ஆவியை அமுக்கும். ஒடுக்கியில் அது வெப்பத்தை வெளியேற்றித் திரவமாகும்.

பராமரிப்பு:
1. வளி வடிகட்டியைக் கழுவி, உலர்த்திப் பூட்டுக.
2. மின்னைத் துண்டித்தபின் ஒடுக்கியின் மெல்லிய தகடுகளை நன்னீரால் மெதுவாகக் கழுவுக.
3. நீர் வடியும் குழாயின் அடைப்பை நீக்குக.

மாதிரி வினா: குளிர் குறைந்தால் உடனே வாயு நிரப்பலாமா? காரணம் தருக.

விடை: கூடாது. முதலில் தூசி அடைப்பைப் பார்க்க வேண்டும். வாயு மூடிய சுற்றில் ஓடுவதால் பெற்றோல் போலச் செலவழியாது. குறைந்திருந்தால் கசிவு உண்டு. பயிற்சி பெற்றவரைக் கொண்டு அதைத் திருத்திய பின்னரே நிரப்ப வேண்டும். இல்லையேல் பணமும் வீண். பழைய குளிரூட்டிகளிலுள்ள ஆர்-22 வாயு ஓசோன் படையையும் சிதைக்கும். இதைத் தடுக்கும் 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989 இல் இணைந்தது.

நினைவிற் கொள்க: "வாயு முடிந்தது" என எழுதாதீர்கள், "வாயு கசிந்தது" என்பதே சரி.