தண்ணீர் ஊற்றுவதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

 

கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் போட நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நீலத் தண்ணீர், கண்ணாடி மாதிரிக் குழாய், சுற்றிலும் விளக்கு. அழகாகத்தான் இருக்கிறது. பொருள் பட்டியலில் பிட்டிங் என்ன நிறம் என்பது வரை எழுதியிருக்கிறாய். அந்தத் தண்ணீர் எத்தனை வாட் சூட்டைச் சுமக்கவேண்டும் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அதனால் பணம் கட்டுவதைக் கொஞ்சம் நிறுத்திவை. சூடு எங்கே போகப்போகிறது, ஊற்றிய தண்ணீர் எப்படி வெளியே வரப்போகிறது, இந்த இரண்டுக்கும் தாளில் பதில் எழுதிய பிறகு கடைக்குப் போ. மில்லில் சில்லர் பிளான்ட் பார்த்தவன் புத்தி அப்படித்தான் ஓடும், என்ன செய்ய.

நீ வாங்கப்போவது ஆர்டிஎக்ஸ் 3090 கிராபிக்ஸ் கார்டு இரண்டு. ஒன்றுக்கு 350 வாட் என்பது என்விடியா சொல்லும் கணக்கு. பிளெண்டர் சாஃப்ட்வேரில் ரெண்டர் போட்டால் இரண்டும் சேர்ந்து 700 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டியை ராத்திரி முழுக்க அணைக்காமல் வைத்தமாதிரி. வாட்டர் கூலிங் போட்டால் இந்தச் சூடு குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு வாட் கூடக் குறையாது. சிப்பிலிருந்து வாங்கி ரேடியேட்டர் வழியாக உன் அறைக்குள் விடும், அவ்வளவுதான். ஒரு டன் ஏசி எடுக்கக்கூடிய சூடே சுமார் 3,500 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கை உன் கார்டுகள் மட்டுமே தின்றுவிடும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் 5.6 யூனிட்; இரண்டு மாத பில்லில் 330 யூனிட்டுக்கு மேல், ஏசிச் செலவு தனி. இதை வீட்டில் இப்போதே சொல்லிவிடு, பில் வந்த பிறகு சொல்லாதே.

வாட்டைக் குறைக்க நல்ல வழி ஒன்று உண்டு, அதற்குச் செலவும் இல்லை. என்விடியா டிரைவரோடு வரும் கட்டளையிலேயே கார்டின் பவர் லிமிட்டை இறக்கலாம். 350-ஐ 280 ஆக்கினால் சூடு ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடும். உன் வேலைக்கு அது பெரிய நஷ்டம் இல்லை. ஆக இரண்டு கார்டுக்கும் 560 வாட் என்று வைத்துக்கொள். பிராசசரை இந்தச் சுற்றில் சேர்க்காதே. அதற்கு ஒரு நல்ல ஏர் கூலர் போதும். கார்டு சுட்ட தண்ணீரை அதற்கும் காட்டுவானேன்?

இனி ரேடியேட்டர். சத்தமில்லாமல் ஓட, 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றுக்கு 100 வாட் என்பது இதைக் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு. 360 அளவு ரேடியேட்டர் இரண்டு போட்டால் விசிறி ஆறு, 600 வாட். உன் 560 அதற்குள் அடங்கிவிடுகிறது. பட்டியலில் 60 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே ஒரு ரேடியேட்டர் போட்டிருக்கிறாய். தடிமனான ரேடியேட்டருக்கு விசிறியை வேகமாகச் சுற்றவிட்டால்தான் பலன். மெதுவாகச் சுற்றவேண்டும் என்றால் பரப்புதான் முக்கியம். மெல்லிசாக இரண்டு வாங்கு. 30 மில்லிமீட்டர் ரேடியேட்டரோடு விசிறியின் 25 சேர்ந்து 55. கேபினெட்டின் மேல்பக்கம் அந்த 55 ரேம் குச்சிகளில் இடிக்குமா, முன்பக்கம் வைத்தால் கார்டின் நீளத்துக்கு இடம் மிஞ்சுமா என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுது. விளம்பரத்தில் ‘360 பொருந்தும்’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதே.

இந்த அளவில் தண்ணீர் அறைச் சூட்டைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி மேலே போய் நிற்கும். ஏசி போட்டு 26 டிகிரியில் அறை இருந்தால் தண்ணீர் 37, 38. மே மாதம் மத்தியானம் ஏசி இல்லாமல் வேளச்சேரியில் உன் அறை 36 டிகிரி என்றால் தண்ணீர் 48 வரை ஏறும். பம்ப், டியூப் தயாரிக்கிறவர்கள் பெரும்பாலும் 60 டிகிரியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆக ஒரு ரேடியேட்டரை மிச்சம் பிடித்தால் மே மாதம் அதற்கு வட்டியோடு வசூலித்துக்கொள்ளும். ஐஸ் கட்டி போடலாமா என்று விளையாட்டாகக் கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். அறைக் காற்றைவிடத் தண்ணீர் மிகவும் குளிர்ந்துபோனால், சென்னை ஈரக்காற்றில் பிளாக்கின் மேலும் போர்டின் மேலும் வியர்த்துவிடும். ரேடியேட்டர் மட்டும் இருக்கிறவரை அந்தப் பயம் கிடையாது. தண்ணீர் அறைச் சூட்டுக்குக் கீழே இறங்கவே இறங்காது.

வாட்டர் பிளாக்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ‘3090-க்கு உரிய பிளாக்’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. என்விடியாவின் சொந்தக் கார்டில் போர்டு ஒரு வடிவம். ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் ஒவ்வொன்றிலும் வேறு வடிவம். ஒரே மாடலிலேயே திருத்திய போர்டும் வரும். கார்டின் முழு மாடல் பெயரை பிளாக் தயாரிப்பாளரின் பட்டியலோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடு. இரண்டு கார்டும் ஒரே மாடலாக, இரண்டு பிளாக்கும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். அப்போதுதான் நடுவே வைக்கும் இணைப்பு நேராக உட்காரும்.

3090-இல் இன்னொரு சங்கதி. அதன் 24 ஜிபி மெமரி, சிப்புக்கு 1 ஜிபி வீதம் 24 சிப். பன்னிரண்டு முன்பக்கம், பன்னிரண்டு போர்டின் முதுகில். முன்பக்க பிளாக் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் முதுகில் இருப்பவை வெந்துகொண்டேதான் இருக்கும். அந்த மெமரி 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துவிடும். முக்கிய சிப்பின் சூடு 50 என்று பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டு, ரெண்டர் ஏன் மெதுவாகிறது என்று தலையைச் சொறிவாய். ஆகவே பின்பக்கமும் தண்ணீர் ஓடும் பிளாக் கிடைத்தால் எடு. இல்லாவிட்டால் கனமான பேக்பிளேட் வைத்து அதன்மேல் ஒரு விசிறியாவது காற்று வீசட்டும்.

பிளாக்கோடு வரும் தெர்மல் பேடு எங்கே எந்தத் தடிமன் என்று படம் போட்டிருப்பார்கள். 1 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய இடத்தில் 1.5 வைத்தால், பேடு தடித்துப் பிளாக்கைத் தூக்கிவிடும். சிப்போடு பிளாக் சேராது. திருகுகளை ஒன்றுக்கு எதிர்மூலை ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. பிறகு ஒரு முறை கழற்றிப் பார். சிப்பின் மேல் பேஸ்ட் நான்கு மூலைக்கும் பரவியிருக்கவேண்டும், ஒவ்வொரு பேடிலும் சிப்பின் அச்சு சதுரமாகப் பதிந்திருக்கவேண்டும். பதியாத பேடு சும்மா கிடக்கிறது என்று அர்த்தம். பார்த்துவிட்டுப் புதுப் பேஸ்ட் தடவி மூடு.

அலுமினியம் கலக்காதே. பிளாக் செம்பு அல்லது நிக்கல் பூசிய செம்பு, பிட்டிங் பித்தளை. ரேடியேட்டரும் செம்பு, பித்தளையாகவே இருக்கட்டும். விலை குறைவு என்று அலுமினிய ரேடியேட்டர் மாட்டினால் அலுமினியம் அரித்து, வெள்ளைத் தூள் போய்ப் பிளாக்கின் மெல்லிய பள்ளங்களை அடைக்கும். கடைக்காரர் ‘கூலன்ட் நல்லதாகப் போட்டால் ஒன்றும் ஆகாது’ என்பார். மில்லில் அப்படிச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன், பிறகு அவர்கள் கழற்றிப் போட்ட குழாய்களையும் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கார்டுக்குத் தண்ணீர் முதலில் போகவேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அதை விடு. மணிக்கு 200 லிட்டர் ஓடினால் 560 வாட் வாங்கிய தண்ணீர் ஒரு சுற்றில் இரண்டரை டிகிரிதான் ஏறும். குழாய் எப்படிக் குட்டையாகப் போகிறதோ அப்படி இணை. ஓட்டம் 60 லிட்டருக்கு இறங்கினால்தான் அந்த ஏற்றம் எட்டு டிகிரி ஆகும். ஒரு டி5 பம்ப் இந்த வேலைக்குத் தாராளம். ஒரே ஒரு வரிசையை மாற்றாதே: ரிசர்வாயருக்கு அடுத்ததும் அதற்குக் கீழேயும் பம்ப். பம்ப் ஒரு நொடி கூட வறண்டு ஓடக்கூடாது.

குழாய்க்கு வருகிறேன். படத்தில் இருக்கும் கடினக் குழாய் உனக்கு வேண்டாம். அதைச் சூடுகாட்டி வளைத்து அளவாக அறுக்கவேண்டும், பிறகு எதையாவது மாற்றினால் திரும்பவும் அதே வேலை. கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூப் வாங்கு. பார்க்க அழகில்லை, வருஷக்கணக்கில் கல் மாதிரி இருக்கும். நிறமில்லாத பிவிசி டியூபில் இருந்து, அதை மெத்தென்று வைக்கும் இளக்கி கசிந்து பிளாக்கில் பசைபோலப் படியும் தொல்லையும் இதில் இல்லை. நீலத் தண்ணீரும் வேண்டாம். பால்போன்ற நிறக் கூலன்டின் துகள் நாளடைவில் பள்ளங்களில் தங்கிவிடும். டிஸ்டில்டு வாட்டரில் துருவுக்கும் பாசிக்கும் மருந்து கலந்து வரும் நிறமற்ற கூலன்ட் போதும். குழாய்த் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் அண்டவிடாதே.

இப்போது இரண்டாவது கேள்வி, ஊற்றிய தண்ணீர் வெளியே வருவது. வருஷத்துக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றுவாய், நடுவில் கார்டு பழுதாகலாம், விற்கலாம். சுற்றின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டி-பிட்டிங், அதில் ஒரு பால் வால்வு, வால்விலிருந்து கேபினெட்டுக்கு வெளியே வரும் அளவுக்கு ஒரு துண்டு டியூப். வால்வைத் திறந்தால் தண்ணீர் இறங்க, மேலே காற்று நுழைய ஒரு மூடி. உன் படத்தில் இவை இரண்டுமே இல்லை. இல்லாமல் கட்டினால் ஒவ்வொரு முறையும் மெஷினைத் தலைகீழாகப் பிடித்து, மதர்போர்டு மேல் வடித்துக்கொண்டிருப்பாய்.

புது ரேடியேட்டருக்குள் பற்றவைப்பு அழுக்கு இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் குலுக்கி, தெளிவாக வரும்வரை கழுவு. எல்லாம் மாட்டியதும் தண்ணீர் ஊற்றாமல் கைப்பம்பால் அரை பார் காற்று அடித்து அரை மணி நேரம் முள்ளைப் பார். இறங்கினால் ஏதோ ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை. இறங்காவிட்டால் பம்புக்கு மட்டும் கரன்ட் போகட்டும்: எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரை மதர்போர்டில் மாட்டாமல், அதற்கென்று விற்கும் ஜம்பரைச் செருகு. கார்டுகளுக்கும் பிராசசருக்கும் போகும் பவர் கேபிள்களையும் கழற்றிவைத்தால்தான் கார்டுக்கும் போர்டுக்கும் மின்சாரமே இருக்காது. இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்து, ரிசர்வாயர் காலியாகும் முன் பம்பை நிறுத்தி, ஊற்றி, மறுபடி ஓட்டு. குமிழி அடங்க ஒரு நாள் ஆகும், அவசரப்படாதே.

விசிறிகளின் வேகத்தைச் சிப்பின் சூட்டோடு கட்டாதே, தண்ணீரின் சூட்டோடு கட்டு. அதற்கு ஒரு சென்சார் பிட்டிங் சேர்த்துக்கொள், விலை அதிகமில்லை.

பழைய கார்டுதானே வாங்குகிறாய்? கைக்கு வந்ததும் பிரித்துவிடாதே. பழைய கூலரோடேயே ஒரு வாரம் ரெண்டர் ஓட்டு, மெமரிச் சூட்டைக் குறித்துவை. கூலரைக் கழற்றிய கார்டை விற்றவர் திரும்ப வாங்கமாட்டார், வாரண்டி மிச்சமிருந்தால் அதற்கும் சண்டை வரும். பிளாக்குக்குப் பணம் கட்டுவது அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு. அதற்குள் கேபினெட் அளவுகளோடு ஒரு படம் போட்டு, வால்வு எங்கே என்று குறித்து அனுப்பு.

அன்புடன்,
உன் மாமா