மன்றத்தின் வாசற்படி

சிரஞ்சீவி தம்பிக்குப் பெரியப்பா எழுதுவது.

நம் ஊர் இளைஞர் நற்பணி மன்றத்துக்கு நீ காரியதரிசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி கண்டு மனம் பூரித்தேன். டிசம்பர் 3ஆம் தேதி, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று, நம் ஊரில் உள்ள அத்தகையோரை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்திக் கௌரவிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். நல்ல எண்ணந்தான், ஆயினும் அவர்களில் எத்தனை பேர் உங்கள் மன்றத்தில் அங்கத்தினர் என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லாதது என் நெஞ்சை உறுத்துகிறது.

உன் வயதில் நானும் அதே பொறுப்பில் இருந்தேன். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிப்போன என் பால்ய சிநேகிதன் ஒருவனைக் கபடிப் பந்தயந்தோறும் புள்ளி குறிக்க உட்கார வைத்துவிட்டு, அவனுக்கும் ஓர் இடம் கொடுத்தோம் என்று திருப்தியடைந்திருந்தேன். வெகுகாலத்துக்குப் பின் அவன், "நாடகத்தில் நடிக்க எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது! ஒருவராவது கேட்டீர்களா?" என்றபோது என் தலை கவிழ்ந்தது. அந்தத் தவறு அன்பின்மையால் விளைந்ததன்று. அவனுக்கு எது இயலும் என்பதை அவனைக் கேளாமலே நாங்கள் நிச்சயித்துவிட்டதனால் விளைந்தது.

உடல் அசைவிழந்த நிலையிலும் எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள் 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவி, எத்தனையோ பேருக்கு வாழ்வளிக்கும் ஸ்தாபனமாக அதை வளர்த்தார். பிறர் உதவியை நாடி இருப்பவர் என்று உலகம் கருதக்கூடிய ஒருவர், பிறருக்குத் தலைமை தாங்க வல்லவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

உங்கள் கூட்டம் மாடியில் நடக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவனுக்கு அந்த முதற்படியிலேயே மன்றம் முடிந்துவிடுகிறது. கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி, வாசலில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற விகிதத்தில் சாய்தளம் அமைத்து, பார்வையற்றவருக்காக அறிவிப்புகளை வாய்விட்டு வாசித்து, காது கேளாதவருக்காக முகம் நோக்கிப் பேசித் தீர்மானங்களைக் கரும்பலகையில் எழுதி, உங்களில் நாலு பேர் சைகைமொழியும் பயின்றுவிட்டால், செலவு சொற்பம், பலன் பெரிது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் வருஷத்துச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டது; 2016ஆம் வருஷத்துச் சட்டம் ஆட்டிசம், கற்றல் குறைபாடு முதலியவற்றையும் சேர்த்து 21 வகைகளை அங்கீகரித்திருக்கிறது. ஆகவே பார்த்த மாத்திரத்தில் புலப்படாத சிரமம் உடையவர்களும் உங்களிடையே இருக்கலாம். அவர்களிடம் நிதானமாக, எளிய சொற்களில் பேசப் பழகுங்கள்.

ஆகையால் தம்பி, சால்வை வாங்கப் போகுமுன் அவர்கள் வீடுகளுக்குப் போ. "மன்றத்தில் நீ என்ன செய்ய விரும்புகிறாய்? அதற்கு நாங்கள் எதை மாற்ற வேண்டும்?" என்று ஒவ்வொருவரையும் கேள். நிர்வாகக் குழுவிலும் அவர்களுக்கு ஸ்தானம் கொடு. வரும் டிசம்பர் 3ஆம் தேதி அவர்கள் விருந்தினராக அன்றி, விழாவை நடத்துபவர்களாக மேடையேறட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் பெரியப்பா