வைத்தியர் கிரீனும் அவர் கண்ட தமிழ் வைத்திய நூல்களும்

கிறிஸ்தவ ஊழியர் பிணியாளர்க்கும் வறியோர்க்கும் புரிந்த தொண்டினை எண்ணுமிடத்து, நம் கல்லூரி மாணவருட் பெரும்பாலார் உள்ளம் உடனே ஆப்பிரிக்கக் கண்டத்தை நோக்கிச் செல்லும். வைத்தியராய்ப் பயின்று அக்கண்டத்தின் உட்புறமெல்லாம் நடந்து திரிந்த டேவிட் லிவிங்ஸ்டனையும், 1913-ஆம் ஆண்டில் லாம்பரேனே என்னும் ஊரில் வைத்தியசாலை நிறுவிய ஆல்பர்ட் சுவைட்சரையும் ஓய்வுநாட் பாடசாலையிலேயே நாம் அறிந்திருக்கின்றோம். ஆயின், நம் இராமநாதபுரக் கடற்கரைக்கு எதிர்க்கரையிலிருந்து, மேனாட்டு வைத்தியம் முழுவதையும் தமிழிற் பெயர்த்துத் தமிழிலேயே கற்பித்த ஒருவரை நம்மில் எத்துணைப் பேர் அறிவர்? தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேரும் வரையில் யாமும் அறிந்திலோம். அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிரீன். அவர் வரலாற்றைத் தேடிப் படிக்க எம்மைத் தூண்டியது நூலாசையன்று. எமதூரில் நிகழ்ந்த ஒரு சிறு காரியமேயாம். அதனை முதற்கண் கூறுவாம்.

எமதூர் பரமக்குடிக்கு அணித்தாயுள்ள நயினார்கோவில். அங்குள்ள நாகநாதர் கோயிலுக்கு உடற்பிணி நீங்க வேண்டி இந்துக்களேயன்றி இஸ்லாமியரும் வருவதுண்டு. வாய்பேசாத இஸ்லாமியச் சிறுமி ஒருத்தி அத்தலத்தில் 'நயினார்' என்று வாய்திறந்தனள் என்றும், அதனால் ஊருக்கு அப்பெயர் வழங்கலாயிற்று என்றும் கர்ணபரம்பரையாய்க் கூறுவர். யாம் கிறிஸ்தவராயினும் இக்கதையைக் கேட்டே வளர்ந்தோம். பிணிதீர்தலையும் பேச்சு வருதலையும் ஒன்றாய்ப் பிணைத்திருப்பது அக்கதையின் சிறப்பு.

எம் அண்டை வீட்டில் ஒரு மூதாட்டியார் உளர். யாம் அப்பத்தா என்றழைப்போம். நீரிழிவினாற் காலிற் புண் வைத்து, ஒரு வைத்தியசாலையிற் பத்து நாள் தங்கி, நலமுற்று மீண்டார். மீளும்போது அவர் கையிற் கொடுத்தனுப்பிய தாள் இரண்டு பக்கமும் ஆங்கிலம். சின்னாளிற் புண் ஆறிற்று. மாத்திரைகள் புண்ணுக்கே என்று கருதியிருந்த அப்பத்தா, புண் ஆறியதும் அவற்றை நிறுத்திவிட்டார். மூன்று வாரங் கழிந்து கால் மீண்டும் வீங்கிற்று. விடுமுறைக்கு வந்திருந்த எம்மிடம் அத்தாளை நீட்டி, "தம்பி, நீதான் பெரிய படிப்புப் படிக்கிறியே, இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு" என்றார். தொல்காப்பியச் சூத்திரத்திற்குப் பொருள் கூற அஞ்சாத யாம், அத்தாளின் முன் விழித்து நின்றோம். சுருக்கெழுத்துக்களும் இலத்தீன் குறிகளுமாய் இருந்த அதனை மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டியபோதுதான், மாத்திரையை எக்காரணத்தாலும் நிறுத்தலாகாது என்று அதில் இருந்தமை தெரிந்தது. அப்பத்தாவின் கால் விரலொன்றை எடுக்க நேரிட்டது.

அவ்வைத்தியர் மீது யாம் குறை கூறவில்லை. அவர் தமிழரே, வாயால் எடுத்துச் சொல்லியுமிருப்பார். ஆனால் நோயால் நொந்திருக்கும் முதியவரிடம் வாய்ச்சொல் நிலைத்து நில்லாது. நிலைத்து நிற்கவேண்டிய தாளோ அவரிடம் பேசவில்லை.

இது நிற்க. கிரீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் நாட்டு உஸ்டர் நகரிற் பிறந்தார். நியூயார்க்கில் வைத்தியங் கற்றுத் தேறி, அமெரிக்க மிஷனைச் சார்ந்த வைத்தியராய் 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் போந்தார். அப்போது அவர்க்கு வயது இருபத்தைந்து. அவர்க்கு முன்னரே, 1819-ஆம் ஆண்டில் அமெரிக்காவினின்று கப்பலேறிய ஜான் ஸ்கடர் என்பார் பண்டத்தரிப்பில் வைத்தியம் புரிந்து பின்னர்ச் சென்னைக்கு வந்திருந்தார். வேலூரில் 1918-ஆம் ஆண்டு மகளிர்க்கென வைத்தியக் கல்விச்சாலை தொடங்கிய அம்மையார் ஐடா ஸ்கடர் அவருடைய பேர்த்தியாவர். மதுரைச் சீமையில் 1834-ஆம் ஆண்டு தொடங்கிய அமெரிக்க மிஷனும் யாழ்ப்பாணத்தினின்று வந்த கிளையேயாம். ஆகவே கிரீன் நமக்கு அயலாரல்லர். இடையே உள்ளது ஒரு குறுகிய கடலே.

1848-ஆம் ஆண்டில் அவர் மானிப்பாயில் நிலைகொண்டு பிணியாளரைப் பார்க்கவும் மாணாக்கர்க்கு வைத்தியங் கற்பிக்கவும் தலைப்பட்டார். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. யாழ்ப்பாணத்து நல்லூரில் அதே 1822-ஆம் ஆண்டு டிசம்பரிற் பிறந்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பிற்கு உதவிய நாவலர், அதே 1848-ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சமயத்தில் எதிர்முனையில் நின்ற இவ்விருவரும் ஒரே ஆண்டிற் பிறந்து, ஒரே ஆண்டிற் கற்பிக்கத் தொடங்கி, சில கல் தொலைவிற்குள் இருந்துகொண்டு தமிழ் உரைநடையை வளர்த்தனர். நாவலர் பதிப்பித்த பரிமேலழகர் உரைக்கு நம் இராமநாதபுரத்துப் பொன்னுச்சாமித் தேவர் துணைநின்றார் என்று பாடத்திற் படிக்கின்றோம். கிரீனைப் பற்றி எப்பாடத்திலும் ஒரு வரியேனும் யாம் கண்டதில்லை. இலக்கிய வரலாறு வைத்திய நூலை இலக்கியமென்று கொள்ளாதது ஒரு காரணமாகலாம். அந்த வழக்கம் எமக்கு உடன்பாடன்று.

முதலிற் கிரீன் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அவ்வாறு கற்றோர் தேறியவுடன் அரசாங்க உத்தியோகம் நாடி நகரங்களுக்குச் செல்லலாயினர். கிராமங்கள் முன்போலவே வைத்தியரின்றிக் கிடந்தன. இதனைக் கண்ட அவர், தமிழிற் கற்றவன் தமிழரிடையே தங்குவான் எனத் துணிந்து, 1864-ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே கற்பிப்பாராயினர். மொழிப்பற்றினால் எழுந்த முடிவன்று இஃது. நோயாளியின் வாயிலில் வைத்தியர் இருக்கவேண்டும் என்னும் எண்ணத்தால் எழுந்தது. எமக்கு அவரிடத்து மதிப்பு மிகுந்தது இதனாலேதான். அவரிடம் பயின்று வைத்தியராய் வெளிவந்தோர் 60-க்கு மேற்பட்டவராவர்.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டுமன்றோ? கட்டர் என்பார் எழுதிய உடற்கூற்று நூலும், மவுன்செல் என்பாருடைய 'பிரசவ வைத்திய'மும் 1857-ஆம் ஆண்டளவில் தமிழில் வெளிவந்தன. துரூயிட் என்பாருடைய அறுவை நூல் 1867-இல் 'இரண வைத்தியம்' என வந்தது. கிரே என்பார் இயற்றிய உடற்கூற்று நூல் இன்றளவும் உலகமெங்கும் வைத்திய மாணவர் கையிலிருப்பது. அஃது இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858-இல். தமிழில் 'மனுஷ அங்காதிபாதம்' எனப் பெயர் பூண்டு வந்தது 1872-இல். இடையில் 14 ஆண்டே! இக்காலத்தில் அத்தகைய நூலொன்று 14 ஆண்டிற்குள் தமிழில் வருமோ என்று எண்ணிப் பார்த்தோம். விடை கூற நாணமாயிருக்கின்றது. அதே ஆண்டில் 'வைத்தியாகரம்', 1875-இற் 'கெமிஸ்தம்', பின்னர் 'மனுஷ சுகரணம்', 'இந்து பதார்த்த சாரம்' என்பனவும் வந்தன. எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கு மேலாகும்.

இவற்றை அவர் ஒருவரே செய்தாரல்லர். டான்போர்த், சாப்மன், பால் முதலிய மாணாக்கர் உடனிருந்து பெயர்த்தனர். பெயரைக் கண்டு இவரை அமெரிக்கர் என மயங்கற்க, இவர் தமிழரே. அமெரிக்க உபகாரிகளின் பெயரை மாணாக்கர்க்குச் சூட்டும் வழக்கம் அக்கால மிஷன் பள்ளிகளில் இருந்தது. கிரீனோ, தமிழ்க் கிறிஸ்தவர் தமிழுடையிலேயே இருத்தல் வேண்டுமென்றும், கிறிஸ்தவராதல் ஐரோப்பியராதலன்று என்றும் கருதியவர். டான்போர்த் என்னும் பெயருடைய தமிழர் வேட்டியுடுத்து, கிரேயின் நூலைத் தமிழில் விளக்கியிருந்த காட்சியை எண்ணுங்கால் நகையும் வியப்பும் ஒருங்கே தோன்றுகின்றன.

கலைச்சொல்லாக்கத்தில் அவர் கொண்ட முறை தமிழ் மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவது. முதலில் தமிழ்ச்சொல்லைத் தேடுவது. கிடையாதாயின் வடசொல்லைக் கொள்வது. அதுவும் இயலாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் அமைப்பது. 'கெமிஸ்தம்' மூன்றாம் வகையைச் சார்ந்தது. 'கெமிஸ்ட்ரி' என்று அப்படியே எழுதாமல் ஈற்றில் 'அம்' சேர்த்து, 'கெமிஸ்தத்தை', 'கெமிஸ்தத்தால்' என வேற்றுமையுருபு ஏற்குமாறு செய்திருப்பது நோக்குக. கப்பலில் வந்திறங்கிய சொல்லுக்கு வேட்டி கட்டுவித்தது போலும்!

ஆயினும் குறையில்லாமலில்லை. 'இரண வைத்தியம்' என்றால் எமதூர்க் கிழவியும் அறிவாள். 'அங்காதிபாதம்', 'சுகரணம்' என்பவற்றையோ, தமிழ் கற்கும் யாமே அகராதியின் துணையின்றி அறியக்கூடவில்லை. கட்டரின் நூலுக்கு இட்ட பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்பது. மூச்சுப் பிடித்தே சொல்லவேண்டியதாயிருக்கின்றது. வடசொற் கலப்பே புலமைக்கு அழகென்று கருதப்பட்ட காலம் அது. வகுப்பில் நின்று கற்பிக்கும்போது கிரீன் எளிய சொற்களையும் கையாண்டிருப்பார் என்றே எண்ணுகின்றோம். நோயாளியிடம் அங்காதிபாதம் என்று சொல்லிப் பயனில்லையன்றோ?

இன்னொரு தடையும் எழும். எம்முடன் தங்கும் நண்பரொருவர், "வைத்தியம் தூண்டில், மதமே மீன்பிடிக்கும் நோக்கம்" என்றார். இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையன்று. சுவிசேஷத்தை அறிவித்தலையும் கிரீன் தம் கடனாகக் கொண்டார், அதனை மறைத்தாருமல்லர். தம் கல்லறையிற் பொறிக்குமாறு அவர் விரும்பிய வாசகமே 'தமிழருக்கு வைத்திய சுவிசேஷகர்' என்னும் பொருளது. ஆனால் அவருடைய 4,000 பக்கங்களில் எலும்பும் நரம்பும் மருந்துமே உள. அவற்றைப் பயில்வோன் சைவனாயிருந்தாலும் இஸ்லாமியனாயிருந்தாலும் அறிவு ஒன்றே. தூண்டில் இடுபவன் மீனுக்குத் தூண்டில் செய்யுங் கலையைக் கற்றுக்கொடுப்பானோ என்று நண்பரைக் கேட்டோம். அவர் சிரித்தாரேயன்றி உடன்படவில்லை. அவ்வழக்கு எம் அறையில் இன்னும் முடியவில்லை.

ஆப்பிரிக்காவிலும் இவ்வழியில் நடந்தோர் உண்டு. உகாண்டாவில் 1897-ஆம் ஆண்டு மெங்கோ வைத்தியசாலையை நிறுவிய ஆல்பர்ட் குக் என்பாரும் அவர் மனைவியார் கேதரின் அம்மையாரும் அந்நாட்டு மகளிரை மருத்துவச்சிகளாகப் பயிற்றினர். அவர் பயிலும்பொருட்டு லுகாண்டா மொழியிலேயே பிரசவ நூலொன்று எழுதினர். மானிப்பாயில் 'பிரசவ வைத்தியம்' வந்து நெடுங்காலஞ் சென்ற பின் நிகழ்ந்தது இது. ஒருவரையொருவர் கண்டிராத இவர்கள் ஒரே முடிவிற்கு வந்தது, நோயாளியின் பாயருகே இருந்து கற்ற பாடத்தாற்போலும். தாய் பிரசவ வேதனையிற் கூவுவது தன் மொழியிலேயாதலின், அருகிலிருப்பவள் அம்மொழியறிந்தவளாயிருத்தல் வேண்டும் என்பதற்கு நூற்சான்று வேண்டுவதில்லை.

கிரீன் 1873-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டுத் தாயகம் திரும்பினார். ஆங்கிருந்தும் தமிழ் நூல்களைச் செப்பனிடும் பணியை விட்டாரில்லை. 1884-ஆம் ஆண்டு மே மாதத்தில் உஸ்டர் நகரிற் காலமானார். ஆனால் அவர் நட்ட செடி தழைக்கவில்லை. கொழும்பில் 1870-இல் தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது, சென்னையிலும் அவ்வாறே. தமிழிற் கற்ற வைத்தியர்க்கு உத்தியோகமும் ஊதியமும் குறைந்தன. அவர் நூல்கள் அரும்பொருட் பேழைகளைச் சேர்ந்தன. அண்மையில், 2022-ஆம் ஆண்டில், மத்தியப் பிரதேசத்தில் வைத்தியக் கல்விக்கு ஹிந்தி நூல்கள் வெளியிடப்பட்ட செய்தியைப் பலரும் புதுமையெனப் பேசினர். நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் மானிப்பாயில் நிகழ்ந்ததை நினைவூட்டியவரை யாம் கண்டிலோம்.

வைத்தியக் கல்வி முழுவதும் தமிழில் நடத்தல் கூடுமோ, அது நன்றோ என்பதை முடிவு கட்டும் அறிவு எமக்கில்லை. பிறநாட்டு ஆராய்ச்சிகளை உடனுக்குடன் அறிய ஆங்கிலம் வேண்டுமென்பார் கூற்றிலும் உண்மையுண்டு. ஆனால் நோயாளியின் கைக்கு வரும் தாள் தமிழில் இருத்தற்கு எத்தடையும் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

விடுமுறை முடியுமுன், மருந்துக்கடைக்காரரை உடன் வைத்துக்கொண்டு அப்பத்தாவின் தாளைத் தமிழில் எழுதினோம். கிரீன் வகுத்த முறையே கைகொடுத்தது. 'நீரிழிவு' என்று எழுதினோம், 'சர்க்கரை வியாதி' என்றே எழுது என்றார் அப்பத்தா, அவ்வாறே மாற்றினோம். 'இரணம்' என்று எழுதக் கை எழுந்தது. 'புண்' என்றே எழுதினோம். 'இன்சுலின்' என்பதற்குத் தமிழுமின்றி வடமொழியுமின்றி, மூன்றாம் விதிப்படி அப்படியே விட்டோம். பெரிய எழுத்தில் ஒரு பக்கத்தில் அடங்கிற்று. அடுப்படிச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் அதனை ஒட்டியிருக்கின்றார். நாடோறும் காலையில் காலைத் தேய்த்துக் கழுவித் துடைத்துப் பார்த்துவிட்டு, அத்தாளின் முதல் வரியை உரக்கப் படிக்கின்றாராம்.